காசு வாங்கிவிட்டால் படத்தின் மீது உரிமை போய்விடுமா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பல ஆண்டுகளாகக் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைபவர். அவருடைய நீண்ட கடிதத்தின் சாரம் கீழே. அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

"ஐந்து வருடங்களுக்கு முன்பு ஒரு பதிப்பகத்திலிருந்து அழைத்தார்கள். இன்ஸ்டாகிராமில் நான் போட்டிருந்த ஒரு சிறுமியின் படத்தைப் பார்த்துவிட்டு, 'இந்தப் பொண்ணையே வச்சு ஒரு புக் பண்ணலாம்' என்றார் ஆசிரியர். கறுத்த நிறம், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ரெட்டைச் சடை, முன்பல் விழுந்த சிரிப்பு. அதற்கு முன்பே என் நோட்டில் அவளைப் பல விதமாக வரைந்து வைத்திருந்தேன். கதையை வேறொருவர் எழுதினார். 32 பக்கப் புத்தகம். அட்டையோடு சேர்த்து 16 வாட்டர்கலர் ஓவியங்கள். மொத்தமாக 30,000 ரூபாய் கொடுத்தார்கள். ஒப்பந்தம் கிடையாது, பேசியதெல்லாம் வாட்ஸ்அப்பில்.

புத்தகம் நன்றாகப் போனது. பல பதிப்புகள் வந்தன, இரண்டு மொழிகளில் மொழிபெயர்ப்பும் வந்தது. அதில் ஒன்றில் என் பெயரே இல்லை. பிறகு காலண்டரில் வந்தாள், தண்ணீர் பாட்டிலில் வந்தாள், யூடியூபில் அனிமேஷனாகவும் ஓடுகிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். புதிய பதிப்பில் அவள் நிறத்தைக் கம்ப்யூட்டரில் வெளுப்பாக்கிவிட்டார்கள். கேட்டால், 'மார்க்கெட்டிங்ல சொன்னாங்க' என்கிறார்கள். ஒரு பள்ளிக்கு நான் கதை சொல்லப் போனபோது ஒரு குழந்தை படத்தின் மேல் விரலை வைத்து, 'இவ என்ன மாதிரியே இருக்கா' என்றாள். அவளுக்கு இந்தப் பதிப்பை எப்படிக் காட்டுவேன்? மூல ஓவியங்களும் இன்னும் அவர்களிடம்தான்.

இப்போது அதே சிறுமியை வைத்து இரண்டாம் புத்தகம். 50,000 ரூபாய்க்கு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள். 'அனைத்து உரிமைகளும், எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக' என்று இருக்கிறது. பத்து நாளில் கையெழுத்து வேண்டுமாம். கணவர், 'காசு வாங்கியாச்சு, இனிமே என்ன பேச்சு' என்கிறார். நண்பர் ஒருவர், பதிவு செய்யாத படத்துக்கு உரிமையே கிடையாது என்கிறார். நான் வரைந்தது எனக்குத்தானே சொந்தம்? ஆனால் வழக்கு என்று போனால் இனி யாரும் வேலை தரமாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது."

சகோதரி, உங்கள் நண்பர் சொன்னது முழுத் தவறு. கணவர் சொன்னதில் பாதி தவறு. நீங்கள் நம்பிக்கொண்டிருப்பதிலும் ஓர் இடம் இடறுகிறது. அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் பதிப்பகத்திடம் பேசப் போனால் முதல் பேச்சிலேயே உங்கள் கை தாழ்ந்துவிடும்.

பதிவு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை வரைந்த கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை. அது ஒரு சான்று, அவ்வளவுதான். நீதிமன்றத்தில் முதல்நோக்குச் சான்றாக (எதிர்த்தரப்பு மறுத்து நிரூபிக்கும்வரை ஏற்கப்படும் சான்றாக) நிற்கும் என்பதால் பயனுள்ள சான்று. ஓர் ஓவியத்துக்கு 500 ரூபாய் கட்டணம், பொருட்களின் மீது பயன்படும் ஓவியமென்றால் 2,000. விண்ணப்பித்த பிறகு ஆட்சேபணைக்காக 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். எதைப் பதிவு செய்வது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இனி, 'நான் வரைந்தது எனக்குத்தானே'. பொதுவிதி அதுதான்: ஓவியத்தின் முதல் உரிமையாளர் அதை வரைந்தவரே. ஆனால் 17-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், பணம் பெற்றுக்கொண்டு வரையப்பட்ட வண்ண ஓவியத்துக்கு, வேறு விதமாகப் பேசிக்கொள்ளாத பட்சத்தில், கேட்டவரே முதல் உரிமையாளர். புகைப்படத்துக்கும் இதே விதிதான். புத்தகங்களுக்கு வரையும் ஓவியர்கள் பெரும்பாலோருக்கு இந்த வரி தெரியாது. அவர்களுடைய வழக்கறிஞர்கள் சிலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பதிப்பகத்தின் வழக்கறிஞர் தாண்டிப் போகமாட்டார். உங்கள் 16 வாட்டர்கலர்களும் அவர்கள் கேட்டு, காசு கொடுத்து வரையப்பட்டவை என்பதுதான் அவருடைய முதல் வாதமாக இருக்கும். அது பலவீனமான வாதம் அல்ல. வெறும் கோட்டுப் படங்களாக இருந்திருந்தால் இந்த விதிவிலக்கு பொருந்துமா என்று வாதாட இடமுண்டு. வாட்டர்கலருக்கு அந்த இடம் குறைவு.

ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி இருக்கிறது. அவர்கள் அழைப்பதற்கு முன்பே அந்தச் சிறுமியை நோட்டில் வரைந்து வைத்திருந்தீர்கள், இன்ஸ்டாகிராமிலும் போட்டிருந்தீர்கள், அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். உங்கள் வழக்கு முழுவதும் அந்த ஒரு வரியில் நிற்கிறது. அந்தப் படங்களை யாரும் கேட்டு நீங்கள் வரையவில்லை, யாரும் காசு தரவில்லை. ஆகவே விதிவிலக்கு அவற்றைத் தொடாது. சடையும் சிரிப்பும் நிறமும் சேர்ந்த அந்த உருவம் உங்களுடையது. புத்தகத்தின் பக்கங்கள் அவர்களுடையவை என்றே வைத்துக்கொண்டாலும், பாட்டிலிலும் அனிமேஷனிலும் அவளைப் புதிதாக வரைய வைக்கும்போது உங்கள் நோட்டில் இருக்கும் உருவத்தைத்தான் அவர்கள் நகலெடுக்கிறார்கள்.

வரையப்பட்ட பாத்திரத்துக்கு நீதிமன்றங்கள் பாதுகாப்புக் கொடுத்திருக்கின்றன. நாகராஜ் என்ற காமிக்ஸ் நாயகனைப் போலவே நாகேஷ் என்று ஒருவனை இன்னொரு பதிப்பகம் கொண்டுவந்தபோது தில்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதே சமயம், இதை எதுவரை நீட்டலாம் என்பதிலும் தெளிவாக இருங்கள். கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான் உண்டு என்று 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றுவரை அடிப்படை. ரெட்டைச் சடை போட்ட கறுத்த சிறுமி யாருக்கும் தனிச்சொத்து அல்ல. வேறோர் ஓவியர் தன் பாணியில் வேறொரு சிறுமியை வரைந்தால் நீங்கள் தடுக்க முடியாது. தடுக்கவும் கூடாது, அப்படிப்பட்ட புத்தகங்கள் இன்னும் நிறைய வர வேண்டும்.

ஆகவே இன்று மாலையே செய்ய வேண்டிய வேலை: அந்த நோட்டைப் பத்திரப்படுத்துங்கள். பக்கங்களைக் கிழிக்க வேண்டாம், தேதி இல்லாத பக்கத்தில் இப்போது தேதி எழுதவும் வேண்டாம். இன்ஸ்டாகிராம் பதிவை நாளும் நேரமும் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பதிவை நீக்கிவிடாதீர்கள். வாட்ஸ்அப் உரையாடலை முழுமையாக ஏற்றுமதி செய்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். 'இந்த புக்குக்கு மட்டும்', 'தமிழ் எடிஷனுக்கு' என்பது போன்ற வார்த்தைகள் அதில் எங்காவது இருந்தால் அது தங்கம். 'வேறு விதமாகப் பேசிக்கொண்டதற்கு' அதுவே ஆதாரம். பதிவு செய்வதென்றால் அந்தப் பழைய நோட்டுப் படங்களைத்தான் பதிவு செய்ய வேண்டும், புத்தகப் பக்கங்களை அல்ல.

கணவர் சொன்னதற்கு வருகிறேன். காசு வாங்கியது உண்மை. ஆனால் காசு கைமாறுவதும் உரிமை கைமாறுவதும் ஒன்றல்ல. உங்களுக்குச் சொந்தமான பதிப்புரிமையை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்க, 19-ஆம் பிரிவின்படி, நீங்கள் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை எல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். அந்தச் சிறுமியைப் பற்றி அப்படி ஒரு தாளில் நீங்கள் கையெழுத்திட்டதாகக் கடிதத்தில் இல்லை. ஒன்றை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள்: பணம் வாங்கும்போது ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சரில் கையெழுத்துப் போட்டீர்களா? சில நிறுவனங்கள் 'பதிப்புரிமை உட்பட' என்று அதிலேயே சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். போட்டிருந்தால் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். அது பாக்கி இல்லை என்பதற்கான சாட்சி மட்டுமே.

நிறத்தை மாற்றியது

இங்கே உங்கள் நிலை மிகவும் வலுவானது. முந்தைய பத்திகளில் சொன்ன சிக்கல் எதுவும் இதைப் பாதிக்காது. 57-ஆம் பிரிவு படைப்பாளிக்கு இரண்டு உரிமைகளைத் தருகிறது: இது நான் படைத்தது என்று உரிமை கோருவது, தன் மதிப்புக்கோ நற்பெயருக்கோ கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தால், மாற்றினால் தடுப்பது, இழப்பீடு கேட்பது. இவற்றைத் தார்மிக உரிமைகள் என்பார்கள். பதிப்புரிமை யாரிடம் இருந்தாலும், முழுவதுமாக விற்றுவிட்டிருந்தாலும், இவை படைப்பாளியிடமே இருக்கும்.

சிற்பி அமர்நாத் செகல் தில்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். பதிப்புரிமை எங்களுடையது என்று அரசு வாதிட்டது. ஆனாலும் அவருடைய தார்மிக உரிமை போகவில்லை என்று சொல்லி, மிஞ்சிய பகுதிகளைத் திருப்பித் தரவும் ஐந்து லட்சம் ரூபாய் கொடுக்கவும் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பு வந்தது 2005-ல். அவர் வழக்குத் தொடுத்தது 1992-ல். 1992, 2005 இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் பதிமூன்று வருடம்.

உங்களுக்குப் பிடிக்காத மாற்றம் என்பது மட்டும் போதாது, உங்கள் மதிப்புக்குக் கேடு என்று காட்ட வேண்டும். அச்சு மங்கலாக வந்தது, படத்தைச் சிறிதாக்கிப் போட்டார்கள் என்பதற்கெல்லாம் இந்தப் பிரிவு எளிதில் உதவாது. ஆனால் ஒரு குழந்தையின் தோல் நிறத்தை வெளுப்பாக்கி, அதைச் செய்தது நீங்கள்தான் என்று வாசகர் நினைக்கும்படி உங்கள் பெயரிலேயே விற்பது வேறு விஷயம். கறுத்த குழந்தைகளைக் கறுப்பாகவே வரைபவர் என்றுதான் உங்களைத் தெரியும் என்றால், அதுவே உங்கள் நற்பெயர். பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் கடையில் காசு கொடுத்து, ரசீதோடு வாங்குங்கள். ஒரே பக்கத்தை அருகருகே வைத்தால் அதற்கு மேல் பேச வேண்டியதில்லை. மதிப்புரைகள், ஆசிரியர்களும் பெற்றோர்களும் எழுதிய குறிப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். அந்தப் பள்ளிக் குழந்தையை மட்டும் இதில் இழுக்க வேண்டாம்.

பெயரும் மூல ஓவியங்களும்

மொழிபெயர்ப்பில் உங்கள் பெயரை விட்டது அதே 57-ஆம் பிரிவின் கீழ் வரும். அடுத்த அச்சில் திருத்தும்படி கேளுங்கள். பெரும்பாலும் ஒரு கடிதத்திலேயே இது சரியாகிவிடும். ஆனால் அட்டையில்தான் பெயர் வர வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. அதை ஒப்பந்தத்தில் எழுதித்தான் வாங்க வேண்டும். எழுத்தாளர் பெயருக்குச் சமமான அளவில் என்பதையும் சேர்த்து.

மூல ஓவியங்கள் வேறு, அவற்றின் பதிப்புரிமை வேறு. ஸ்கேன் செய்யக் கொடுத்த தாள்களை நீங்கள் விற்கவில்லை. பக்கங்களின் பதிப்புரிமை அவர்களுடையது என்று முடிவானாலும் தாள்கள் உங்களுக்குத் திரும்ப வர வேண்டியவை. பட்டியல் போட்டுக் கேளுங்கள்.

புதிய ஒப்பந்தம்

முதல் புத்தகத்துக்கு ஒரு தாள்கூடத் தராதவர்கள் இப்போது ஏன் பத்து நாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள்? என் ஊகத்தைச் சொல்கிறேன். அனிமேஷனுக்கு முதலீடு செய்பவரோ ஒளிபரப்புபவரோ, இந்தப் பாத்திரம் உங்களுக்கு எப்படி வந்தது, ஆவணம் காட்டுங்கள் என்று கேட்டிருக்கலாம். அந்தத் தொழிலில் அது முதல் கேள்வி. பதிப்பகத்திடம் ஆவணம் இல்லை. உங்கள் கையெழுத்து வந்தால் இருக்கும். ஆகவே முதலில் ஒரு வரியைத் தேடுங்கள்: 'இதற்கு முன் செய்த பணிகளுக்கும் இது பொருந்தும்' அல்லது 'பாத்திரம் மற்றும் அதன் அனைத்து வடிவங்களும்'. அது இருந்தால், 50,000 ரூபாய் இரண்டாம் புத்தகத்தின் விலை அல்ல. அந்தச் சிறுமியின் விலை.

உரிமை மாற்றத்துக்கும் உரிமத்துக்கும் உள்ள வித்தியாசம் வீட்டை விற்பதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் உள்ளது போன்றது. நீங்கள் கொடுக்க வேண்டியது உரிமம்: இந்தப் புத்தகம், இந்த மொழி, அச்சும் மின்நூலும், இத்தனை ஆண்டு. மற்ற மொழி, பொருட்கள், அனிமேஷன் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பேசி, தனியாகத் தொகை. இரண்டாண்டு அச்சில் இல்லாமல் போனால் உரிமை உங்களிடம் திரும்ப வேண்டும் என்றும் எழுதுங்கள். 'இனி வரப்போகும் எல்லா ஊடகங்களும்' என்ற சொற்றொடரைக் கண்டு மிரள வேண்டாம். ஒப்பந்த நேரத்தில் இல்லாத ஊடகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் அந்த ஊடகத்துக்குப் பொருந்தாது என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் சொல்கிறது. செயற்கை நுண்ணறிவு இன்று இருக்கிற தொழில்நுட்பம் என்பதால் அந்தத் திருத்தத்தை நம்பியிருக்க முடியாது. உங்கள் படங்களைக் கொண்டு எந்த மென்பொருளையும் பயிற்றுவிக்கக் கூடாது, அதன் மூலம் பாத்திரத்தை உருவாக்கக் கூடாது என்று வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள்.

தொகை விஷயத்தில், மொத்தமாக ஒரு பணம் என்பதை விட்டு, முன்பணமும் ராயல்டியும் (விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு பங்கு) கேளுங்கள். படப் புத்தகங்களில் எழுத்தாளரும் ஓவியரும் ராயல்டியைப் பாதிப் பாதி பகிர்வது புதிய கோரிக்கை அல்ல. சதவீதத்தைவிட, அது எதன் மீது என்பதைப் பாருங்கள். 120 ரூபாய்ப் புத்தகத்தில் அட்டை விலை மீது ஐந்து சதவீதம் என்றால் பிரதிக்கு 6 ரூபாய். கடைக்குப் பாதி விலைக்குப் போகும் புத்தகத்தில் 'நிகர வரவின் மீது ஐந்து சதவீதம்' என்றால் 3 ரூபாய். விற்பனைக் கணக்கு ஆண்டுதோறும் எழுத்தில் வர வேண்டும். ரஃபை (முதல் வரைவுப் படத்தை) ஒப்புக்கொண்ட பிறகு எத்தனை திருத்தம் இலவசம், பாதியில் திட்டத்தைக் கைவிட்டால் எவ்வளவு தருவார்கள் என்பதும் இருக்கட்டும். நிறத்தையோ உருவத்தையோ மாற்ற உங்கள் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும் என்பதைக் கட்டாயம் சேருங்கள். 'தார்மிக உரிமைகளை விட்டுக்கொடுக்கிறேன்' என்ற வரி இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். அது செல்லுமா செல்லாதா என்று பின்னால் வாதாடிக்கொண்டிருப்பதைவிட இப்போதே அதை எடுத்துவிடுவது எளிது.

பொம்மை போன்ற பொருட்களுக்கு நீங்களே அனுமதி தருவதாக இருந்தால், அதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வடிவமைப்பாகப் பதிவு செய்யக்கூடிய ஒன்றைப் பதிவு செய்யாமல் தொழில்முறையில் 50 முறைக்கு மேல் உற்பத்தி செய்தால், அந்த வடிவமைப்பின் பதிப்புரிமை போய்விடும் என்று 15-ஆம் பிரிவு சொல்கிறது.

பேச்சா, வழக்கா

வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. குழந்தைகள் புத்தக உலகம் சின்னது. ஒருவரை ஒருவர் தெரியும். அதனால்தான் வக்கீல் நோட்டீஸில் தொடங்க வேண்டாம் என்கிறேன். முதல் மின்னஞ்சல் இப்படி இருக்கலாம்:

"இரண்டாம் புத்தகத்துக்கு அழைத்ததில் மகிழ்ச்சி. ஒப்பந்தத்தைப் படித்துப் பதில் சொல்ல மூன்று வாரம் தேவைப்படுகிறது. அதற்கு முன், முதல் புத்தகத்தில் சிலவற்றைச் சரிசெய்துகொள்ள விரும்புகிறேன். புதிய பதிப்பில் பாத்திரத்தின் நிறம் என் சம்மதமின்றி மாற்றப்பட்டிருக்கிறது. அடுத்த அச்சில் பழைய நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். மொழிபெயர்ப்பில் என் பெயர் விடுபட்டிருக்கிறது. காலண்டர், பாட்டில், அனிமேஷன் ஆகியவற்றுக்கு நான் அனுமதி அளிக்கவில்லை. அவை பற்றிப் பேச வேண்டும். மூல ஓவியங்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன், திருப்பி அனுப்பக் கோருகிறேன்."

இதில் கோபமும் இல்லை, எந்த உரிமையையும் விட்டுக்கொடுத்த வார்த்தையும் இல்லை. நீங்கள் ஆட்சேபித்ததற்குத் தேதியோடு ஒரு பதிவு கிடைத்துவிடும். 'பரவாயில்லை சார்', 'நீங்க பாத்துக்கோங்க' என்று வாட்ஸ்அப்பில் பதில் போடுவதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள்.

தள்ளிப்போடவும் வேண்டாம். இழப்பீட்டு வழக்குக்குப் பொதுவாக மூன்றாண்டு காலவரம்பு. ஒவ்வொரு மறுபதிப்பும் புதிய மீறல் என்று வாதிடலாம் என்றாலும், தெரிந்தும் சும்மா இருந்தார் என்ற வாதம் நாளாக நாளாக வலுக்கும். பேச்சு முறிந்தால், பதிப்பகம் எந்த நகரத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்க 62-ஆம் பிரிவு இடம் தருகிறது. உடனடித் தடை தேவைப்படாத வணிக வழக்குகளில் முதலில் சமரச மையத்துக்குப் போவது கட்டாயம். உங்களைப் போன்றவர்களுக்கு அது நல்லதுதான். அங்கே பேசுவது வெளியே போகாது. குற்ற வழக்குக்கும் 63-ஆம் பிரிவில் வழி உண்டு. இந்த நிலையில் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். முதல் உரிமையாளர் யார் என்பதே கேள்வியாக இருக்கும்போது காவல் நிலையம் அதற்கு இடமல்ல.

வக்கீல் செலவுக்கு வழியில்லை என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ன்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். நோட்டு, இரண்டு பதிப்புகள், வாட்ஸ்அப் பிரதி, வங்கிக் கணக்கில் பணம் வந்த பக்கம், புதிய ஒப்பந்தம் இவற்றோடு போய், பதிப்புரிமை வழக்குகளில் அனுபவமுள்ள ஒருவரை நியமிக்கும்படி எழுத்தில் கேளுங்கள். அவர் படித்துப் பார்க்கும்வரை எந்தத் தாளிலும், எந்த இணையப் படிவத்திலும் கையெழுத்திட வேண்டாம்.